சிங்கப்பூருக்கு வரும் வடதுருவப் பறவைகள்



சிராங்கூன் சாலையில் நாள்தோறும் நடப்பவர்கள் பல்லாயிரவர். பூக்கடை, நகைக்கடை, தேக்காச் சந்தையின் மீன்கடை என்று கால் போன போக்கில் சுற்றி வருகிறோம். ஆனால் சிராங்கூன் என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் நம்மில் பலர் விழிப்போம். சிராங்கூன் ஆற்றோரச் சதுப்பில் முன்னாளில் வாழ்ந்த ஒரு நீர்ப்பறவைக்கு மலாய் மொழியில் 'ராங்கோங்' என்று பெயர். அப்பெயரே திரிந்து சிராங்கூன் ஆயிற்று என்பது பெரிதும் வழங்கிவரும் விளக்கம். சதுப்பு போயிற்று, பறவையும் போயிற்று. பெயர் மட்டும் சாலையில் நிற்கிறது.

நாம் பணியாற்றுவது ஜொகூரில் ஒரு தோட்டப் பள்ளி. ஆண்டுக்கு ஒருமுறை மேல்வகுப்பு மாணவர்களைச் சிங்கப்பூருக்கு அழைத்து வருவதுண்டு. அப்படி வந்தபோது, லிட்டில் இந்தியாவில் ஒரு பயண நிறுவனத்தின் கண்ணாடிக் கதவில் பெரிய படம் ஒன்று ஒட்டியிருந்தது. பனிக்கட்டி மிதக்கும் கடல், அதில் ஒரு சிறு கப்பல், கப்பலுக்கு முன்னே பனிப்பாறையின் மேல் ஒரு வெள்ளைக் கரடி. மாணவன் ஒருவன் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சார், இதுக்கெல்லாம் நம்மால போக முடியுமா?" என்று கேட்டான். கீழே அச்சிட்டிருந்த கட்டணத்தைப் பார்த்தோம். தோட்டத்துக் குடும்பம் ஒன்று ஓராண்டு முழுவதும் உண்டு உடுத்தச் செலவிடும் தொகைக்கும் அது மேலானது. முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. பார்ப்போம் என்று சொல்லி வைத்தோம். அந்தச் சொல்லைக் காப்பாற்றத் தேடியதில் நாம் தெரிந்துகொண்டதையே இன்று நேயர்களுக்குச் சொல்லப் போகிறோம்.

முதலில் அந்தக் கப்பற்பயணம் என்னவென்று பார்ப்போம். நார்வே நாட்டுக்கும் வடதுருவத்துக்கும் நடுவே சுவால்பார்டு என்னும் தீவுக்கூட்டம் இருக்கிறது. கோடையில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. சிறு கப்பல்கள் பயணிகளை ஏற்றிக்கொண்டு பனிக்கட்டியின் விளிம்பையொட்டி மெல்லச் செல்லும். பனிக்கரடி, வால்ரஸ், திமிங்கிலம், கலைமான், பாறைச் செங்குத்தில் கூடு கட்டும் கடற்பறவைகள் ஆகியவற்றைத் தேடிச் செல்வதே பயணத்தின் நோக்கம். கரையிறங்க வேண்டுமானால் காற்றடைத்த ரப்பர்ப் படகில் சிலர் சிலராகப் போகவேண்டும். முன்னும் பின்னும் துப்பாக்கி ஏந்திய காவலர் வருவர்.

வேடிக்கை பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே கட்டுப்பாடு மிகுதி. 2025 சனவரி முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி, பனிக்கரடியிடமிருந்து மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டரும், மற்ற மாதங்களில் 300 மீட்டரும் விலகியே நிற்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் வரக்கூடாது. அப்பகுதிகளில் கரையிறங்கும் இடங்களும் 43 என்று வரையறுத்துவிட்டார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 2018 ஜூலையில், உல்லாசக் கப்பலொன்றின் பயணிகள் இறங்குவதற்கு முன்னதாகக் கரையைச் சோதிக்கப் போன காவலரைக் கரடி தாக்கிற்று. அதைச் சுட்டுக் கொல்ல நேர்ந்தது. பார்க்க வந்தவர்களால் பார்க்கப்பட வேண்டியதே மடிந்தது.

பனிக்கரடி என்றதும் சிங்கப்பூர் நேயர்களுக்கு இனூக்கா நினைவுக்கு வரும். 1990 டிசம்பர் 26-ஆம் நாள் சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்தில் பிறந்த கரடி அது. வெப்ப மண்டலத்தில் பிறந்த முதற் பனிக்கரடி என்ற பெயரைப் பெற்றது. 2004-இல் இனூக்காவும் அதன் தாய் ஷீபாவும் பச்சை நிறமாக மாறியதைச் செய்தித்தாள்களில் கண்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பனிக்கரடியின் உரோமம் உள்ளே குழல்போல் இருக்கும். நம் ஈரவெப்பத்தில் அந்தக் குழலுக்குள் பாசி வளர்ந்துவிட்டது. மருந்திட்டுக் கழுவி மீண்டும் வெள்ளையாக்கினார்கள். இனி வெப்பநாட்டுக்குப் பனிக்கரடிகளைக் கொண்டுவருவதில்லை என்று 2006-இல் விலங்குத் தோட்டத்தார் முடிவு செய்தார்கள். முதுமையும் நோயும் மிகுந்து, 2018 ஏப்ரல் 25-இல் இனூக்காவைத் துன்பமின்றி உயிர்துறக்கச் செய்தனர். வடதுருவ உயிரை இங்கே கொண்டுவந்து வைப்பது முறையன்று என்பதற்கு அந்தப் பச்சை உரோமமே சான்று என்பது நம் கருத்து.

ஆனால் யாரும் கொண்டுவராமல், தாமே விரும்பி வரும் வடதுருவ உயிர்களும் உண்டு. அவை பறவைகள்.

வடதுருவக் கடலையொட்டி, சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் மரமற்ற பெருவெளிகள் உண்டு. அவற்றைத் தூந்திரா என்பர். மண்ணின் அடிப்பகுதி ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். ஜூன் மாதத்தில் மேற்பனி உருகும்போது கொசுவும் பூச்சியும் கோடிக்கணக்கில் கிளம்பும். அந்த ஆறேழு வார விருந்துக்காகவே உள்ளான், உப்புக்கொத்தி முதலிய கரைப்பறவைகள் உலகின் பல மூலைகளிலிருந்தும் அங்கே போய்க் குஞ்சு பொரிக்கின்றன. அக்குஞ்சுகளின் கதை வியப்பானது. முட்டையை விட்டு வெளிவந்த சில மணி நேரத்திலேயே அவை தாமே ஓடியாடி இரை தேடும். பல இனங்களில் பெற்றோர் முதலிலேயே தெற்கு நோக்கிப் புறப்பட்டுவிடும். குஞ்சுகள் சிறகு முற்றியபின், வழிகாட்ட யாருமின்றி, முன்பின் காணாத வெப்பநாட்டுக் கரைகளுக்குத் தாமாகவே வந்து சேரும். பத்து வயதுப் பிள்ளையைத் தனியே பக்கத்து ஊருக்கு அனுப்பவே நாம் எவ்வளவு யோசிக்கிறோம்!

இப்படி வரும் பறவைகளுக்கு வானத்தில் பெருவழிகள் உண்டு. கிழக்காசிய ஆஸ்திரலேசியப் பறவைவழி என்பது அவற்றுள் ஒன்று. சைபீரியா, அலாஸ்கா தொடங்கிச் சீனம், கொரியா, தென்கிழக்காசியா வழியாக ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை அது செல்கிறது. 22 நாடுகளின் மேலாகச் சுமார் 5 கோடி நீர்ப்பறவைகள் இவ்வழியைப் பயன்படுத்துகின்றன. சிங்கப்பூர் இந்த வழியின் மேல் அமைந்திருக்கிறது.

சிங்கப்பூரின் வடமேற்கு மூலையில், ஜொகூர் நீரிணையைப் பார்த்தபடி இருப்பது சுங்கை பூலோ. மலாய் மொழியில் மூங்கில் ஆறு என்று பொருள். முன்பு அங்கே இறால் குளங்களும் மீன் குளங்களும் இருந்தன. 1986-இல் பறவை ஆர்வலர் சிலர் அக்குளங்களில் வெளிநாட்டுப் பறவைகள் கூட்டங் கூட்டமாக இறங்குவதைக் கண்டனர். அந்த இடமோ வேளாண் தொழில்நுட்பப் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. அவர்கள் எண்ணிக்கையும் குறிப்புமாக அரசிடம் எழுதிக் கேட்டார்கள். 1989-இல் 87 ஹெக்டர் நிலத்தை இயற்கைப் பூங்காவாக விட அரசு இசைந்தது. 1993 டிசம்பர் 6-இல் அது திறக்கப்பட்டது. 2002-இல் 130 ஹெக்டராக விரிந்து, சட்டப்படி காக்கப்படும் ஈரநிலக் காப்பகமாயிற்று. நிலம் பொன்னாக விற்கும் ஒரு தீவில், சேற்றை அப்படியே விட்டுவைப்பது எளிய முடிவன்று.

அந்தச் சேற்றில் என்ன இருக்கிறது? சங்கு, சிப்பி, புழு, நண்டு எல்லாம் இருக்கின்றன. கடல்நீர் வற்றும்போது பறவைகள் கிராஞ்சி, மண்டாய்க் கரையோரச் சேற்றுவெளியில் பரவி இரை மேய்கின்றன. நீர் ஏறும்போது அந்த வெளி மூழ்கிவிடும். அப்போது அவை சுங்கை பூலோவின் குளங்களுக்குப் பறந்துவந்து இளைப்பாறும். பழைய இறால் குளங்களின் மதகுகள் இன்றும் பயன்படுகின்றன. வெளியே கடல் ஏறினாலும் மதகை அடைத்துக் குளத்து நீரைக் கணுக்கால் ஆழத்துக்கு வைத்திருப்பார்கள். பறவை நிற்க அந்த ஆழமே தகும். ஆகவே சாப்பாட்டுக்கூடம் ஓரிடம், படுக்கையறை வேறிடம். ஒன்றைக் காத்து மற்றொன்றை விட்டால் பயனில்லை. இதனாலேயே மண்டாய்ச் சதுப்பையும் சேற்றுவெளியையும் இயற்கைப் பூங்காவாக்கும் முடிவு 2018-இல் அறிவிக்கப்பட்டது.

நாம் மாணவர்களோடு அங்கே போனது ஓர் அக்டோபர் மாதக் காலை. பலகைப் பாதையில் நடந்து, பறவை பார்ப்பதற்கென மரத்தால் அமைத்த மறைவிடத்துக்குப் போகவேண்டும். வழியில் முதலை ஒன்று கரையில் கிடந்தது. பிள்ளைகளைச் சொல்லவேண்டுமா! கூச்சலிட்டபடி ஓடினார்கள். அடுத்த குளத்தில் நூற்றுக்கணக்கில் நின்றிருந்த பறவைகள் ஒரே வீச்சில் எழுந்து, வானில் இருமுறை வட்டமிட்டு, மண்டாய்ப் பக்கம் போய்விட்டன. மறைவிடத்தில் தொலைநோக்கி வைத்திருந்த முதியவர் ஒருவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. அந்தப் பறவைகள் காலையெல்லாம் தின்ற இரையில் ஒரு பங்கை இந்த ஓட்டத்திலேயே செலவழித்துவிட்டன என்று மட்டும் சொன்னார். ஆசிரியர் என்ற முறையில் தவறு நம்முடையது. முன்கூட்டியே சொல்லி அழைத்துப் போயிருக்க வேண்டும். சுவால்பார்டில் 300 மீட்டர் என்று விதி வைத்திருப்பதன் பொருள் அப்போதுதான் நன்றாக விளங்கிற்று.

தின்ற இரை ஏன் அவ்வளவு பெரிது? நெடும்பயணத்துக்கு முன்னால் இப்பறவைகள் உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டே போகும். சில இனங்களில் உடல் எடை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். கொழுப்பே அவற்றின் எரிபொருள். பட்டைவால் மூக்கன் என்னும் பறவை புறப்படுமுன் தன் குடலையும் இரைப்பையையும் சுருக்கிக்கொள்கிறது. பறக்கும்போது உணவில்லை, பிறகு அவ்வுறுப்புகளைச் சுமப்பானேன் என்ற கணக்குப் போலும். 2022-இல் அவ்வினத்து இளம்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில், எங்கும் இறங்காமல், கடந்தது. அதன் முதுகில் பொருத்திய சிறு கருவி செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பியதால் இது தெரியவந்தது. பிறந்து சில மாதமே ஆன பறவை அது.

சிங்கப்பூரிலும் பறவைகளைப் பிடித்துக் காலில் நிறப்பட்டை கட்டி விடுகிறார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் தனி நிறச் சேர்க்கை உண்டு. ஆகவே எங்கே கண்டாலும் எங்கே கட்டியது என்று சொல்லிவிடலாம். பவளக்காலி உள்ளான் என்று ஒன்றுண்டு, செக்கச்செவேலென்ற காலுடையது. சுங்கை பூலோவில் இதற்குக் கருவி பொருத்திப் பார்த்தார்கள். வடதுருவத்துக்குப் போகும் என்று எண்ணக்கூடிய இது, இமயமலையைத் தாண்டித் திபெத்திய பீடபூமிக்குப் போய்க் குஞ்சு பொரிக்கிறது என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. ஆக, சுங்கை பூலோவில் நிற்பதெல்லாம் வடதுருவப் பறவை என்று சொல்லிவிடக் கூடாது. பொன்னிற உப்புக்கொத்தியும் வளைமூக்கு உள்ளானும் சந்தேகமின்றித் தூந்திராவின் பிள்ளைகள்.

பறவைகளைக் கரையிலிருந்து பார்ப்பது ஒரு வகை. படகிலிருந்து பார்ப்பது இன்னொரு வகை. அந்த மாணவன் கேட்டது கப்பற்பயணம் அல்லவா? அதற்கும் சிங்கப்பூரில் வழியுண்டு.

சிங்கப்பூருக்கும் பாத்தாம் தீவுக்கும் நடுவிலுள்ள நீரிணை உலகத்தின் நெருக்கடி மிகுந்த கப்பற்பாதைகளுள் ஒன்று. துறைமுக எல்லைக்குள் எந்நேரமும் சுமார் 1,000 கப்பல்கள் நிற்கும். இந்த எண்ணெய்க் கப்பல்களுக்கும் சரக்குக் கப்பல்களுக்கும் இடையே என்ன பறவை இருக்கப்போகிறது என்றுதான் வெகுகாலம் எல்லாரும் எண்ணியிருந்தனர். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆர்வலர் சிலர் சிறு படகை வாடகைக்கு அமர்த்தி விடியற்காலையில் நீரிணைக்குள் போய்ப் பார்த்தனர். அலூஷிய ஆலா என்னும் கடற்பறவை மிதக்கும் மரத்துண்டுகளின்மேல் அமர்ந்திருக்கக் கண்டனர். அலாஸ்காவிலும் ருஷ்யாவின் கிழக்கோரத்திலும் மட்டுமே கூடு கட்டும் பறவை அது. குளிர்காலத்தில் அது எங்கே போகிறது என்பது அதுவரை பெரும்பாலும் புதிராகவே இருந்தது. மே மாதத்தில் குறுவால் ஷியர்வாட்டர் என்னும் பறவையும் எப்போதாவது தென்படும். அது டாஸ்மேனியாப் பக்கத்துத் தீவுகளில் பிறந்து, பெரிங் கடலை நோக்கிச் செல்வது. தூந்திராவில் எலிவகைகளை வேட்டையாடி, கடலுக்கு வந்தபின் ஆலாக்களைத் துரத்தி அவற்றின் வாயிலிருந்து மீனைப் பறித்துத் தின்னும் ஜேகர் என்ற பறவையும் இவ்வழியே போகிறது. ஆகாயத்துக் கொள்ளைக்காரன் என்று சொல்லலாம்.

நண்பர்களோடு பங்கு போட்டுச் செலவழித்து நாமும் ஒருமுறை அப்படகில் போனோம். உண்மையைச் சொல்லவேண்டும். மூன்று மணி நேரம் வெயிலும் டீசல் புகையும் தலைச்சுற்றலுமே கண்டோம். கண்ணுக்கெட்டிய தூரம் கப்பல்கள்தாம். பிறகு படகோட்டி இயந்திரத்தைத் தணித்துக் கைகாட்டினார். ஒரு பழைய பலகையின்மேல் இரண்டு ஆலாக்கள். படகு அருகே போகாமல் அலையோடு நின்றது. ஐந்து நிமிடம் பார்த்தோம். அவ்வளவுதான். திரும்பும்போது ஒருவரும் ஏமாற்றமாகப் பேசவில்லை. அலாஸ்காவில் அறியப்பட்ட குடியிருப்புகளில் இப்பறவை மிகப் பெருமளவு குறைந்துவிட்டது என்பதைப் படகிலிருந்த அனைவரும் அறிந்திருந்தோம்.

குறைவதற்குக் காரணங்கள் பல. முதலாவது, வழியில் இறங்கி இரை உண்ணும் இடங்கள் மறைவது. சீனத்துக்கும் கொரியாவுக்கும் நடுவிலுள்ள மஞ்சள் கடலின் சேற்றுக்கரைகள் ஐம்பது ஆண்டுக் காலத்தில் மூன்றில் இரண்டு பங்களவு அழிந்துவிட்டன. தென்கொரியாவில் 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் ஒன்று 2006-இல் அடைபட்டதும், அங்கே இறங்கிவந்த பல்லாயிரம் பறவைகள் வேறிடம் போய்ப் பிழைக்கவில்லை, எண்ணிக்கையிலிருந்தே மறைந்தன. நல்ல செய்தியும் உண்டு. சீனம் 2018-இல் கரையைத் தூர்க்கும் வழக்கமான திட்டங்களை நிறுத்திற்று. 2019-இல் மஞ்சள் கடற்கரையின் ஒரு பகுதியும், 2021-இல் கொரியச் சேற்றுவெளிகளும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

இரண்டாவது காரணம் வெப்பம். 1979-க்குப் பின் வடதுருவ வட்டாரம் உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு விரைவாகச் சூடேறியிருக்கிறது. பனி முன்னதாக உருகுகிறது. பூச்சிகளும் முன்னதாகக் கிளம்பி, முன்னதாகவே மடிகின்றன. பறவையோ பழைய நாட்காட்டிப்படி வந்து குஞ்சு பொரிக்கிறது. விருந்து முடிந்தபின் பந்தியில் உட்காரும் நிலை. ருஷ்யத் தூந்திராவில் பிறந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகும் ஓர் உள்ளான் இனத்தைப் பற்றி 2016-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வெப்பம் மிகுந்த ஆண்டுகளில் பிறந்த குஞ்சுகள் உடல் சிறுத்தும் அலகு குட்டையாகவும் வளர்ந்தன. ஆப்பிரிக்கக் கரைக்குப் போனபோது, ஆழத்தில் புதைந்திருந்த சிப்பியை அந்தக் குட்டை அலகால் எட்ட முடியவில்லை. பனிநாட்டில் பிறந்த குறைக்கு வெப்பநாட்டுச் சேற்றில் உயிரைக் கொடுத்தன.

சிங்கப்பூர் 2013 மே மாதத்தில் ஆர்க்டிக் மன்றத்தில் பார்வையாளர் நாடாகச் சேர்ந்தது. இந்தியாவும் அப்போதே சேர்ந்தது. பனிக்கட்டியே இல்லாத நாட்டுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டவர்கள் உண்டு. சிங்கப்பூர் நிலத்தில் சுமார் 30 விழுக்காடு கடல்மட்டத்துக்கு மேல் 5 மீட்டர் உயரங்கூட இல்லை என்பது ஒரு விடை. கிராஞ்சிச் சேற்றில் நிற்கும் உப்புக்கொத்தி இன்னொரு விடை.

அந்த உப்புக்கொத்தியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நம் பள்ளித் திடலிலேயே, மழைக்காலத்தில் புல் குட்டையாக இருக்கும் நாட்களில், பழுப்பும் மஞ்சளும் கலந்த சிறு பறவைகள் சில ஓடுவதும் நிற்பதுமாக இரை பொறுக்கும். பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறோம். ஏதோ ஊர்ப்பறவை என்று விட்டுவிட்டோம். சுங்கை பூலோவிலிருந்து திரும்பியபின் அந்த மாணவன்தான் கண்டுபிடித்தான், அங்கே பார்த்த அதே பொன்னிற உப்புக்கொத்தி என்று. கூடு கட்டும் நாட்டுக்கு அது சைபீரியா வரை போக வேண்டும். எடையோ நூறு, நூற்றைம்பது கிராம். அவ்வினத்தின் அலாஸ்காப் பறவைகள் ஹவாய்த் தீவுகளுக்கு 4,000 கிலோமீட்டருக்கும் மேல் கடலைத் தாண்டி ஒரே மூச்சில் வருகின்றன. இப்போது பந்தடிக்கும் பிள்ளைகள் அந்தப் பறவைகள் நிற்கும் மூலையை விட்டுவிட்டு ஆடுகிறார்கள். நாம் சொல்லிச் செய்ததன்று.

பார்க்க விரும்பும் நேயர்களுக்கு வழி சொல்லிவிடுகிறோம். லிட்டில் இந்தியா நிலையத்தில் பெருவிரைவு ரயிலேறி, டோபி காட்டில் மாறி, கிராஞ்சியில் இறங்கினால் பேருந்து கிடைக்கும். காப்பகம் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை திறந்திருக்கும், கட்டணமில்லை. செப்டம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் இருக்கும். போகுமுன் கடல் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீர் நன்கு ஏறியிருக்கும் வேளையில் குளங்களில் பறவை மிகுதி. நீர் வற்றிய வேளையில் போனால் வெறுங்குளத்தைப் பார்த்துத் திரும்ப வேண்டிவரும். வெளிர் நிறமல்லாத உடையும் ஒரு குடையும் போதும். மார்ச் இறுதியில் போகிறவர்கள் உப்புக்கொத்தியின் வயிற்றைக் கவனியுங்கள். வெளுத்திருந்த வயிறு திட்டுத் திட்டாகக் கறுக்கத் தொடங்கியிருக்கும். அது கூடு கட்டும் நாட்டுக்கான உடை. முழுதும் கறுக்கும்போது அது இங்கே இராது.